சாலையில் சாய்ந்த மயில் யாருக்குச் சொந்தம்?

(பத்தாண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஊர்தி மோதி இறந்த காட்டுயிரின் இறைச்சியை மனிதர் உண்ணலாமா என்பது இன்றைய உரைப்பொருள். இது இலக்கிய மேடைக்குப் பொருந்தாத பொருள் என்று சிலர்க்குத் தோன்றலாம். காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் உரிய வினாவை விழாப் பந்தலுக்கு ஏன் கொண்டுவர வேண்டும் என்றும் கேட்கலாம். பசி, உடைமை, உயிர், அரசு ஆகிய நான்கும் ஒரே இடத்தில் வந்து முட்டுகின்ற வினா இது. அந்நான்கையும் பாடாத தமிழ் மரபு இல்லை. அதனால் இவ்வினா முதலில் பாவலர் அவைக்கே உரியது. நீதிமன்றம் பின்னர் வரட்டும்.

ஏரி நாட்டில் வந்த சாலை

சென்னையின் மேற்குப் புறநகரை இவ்வவையில் அறியாதார் இல்லை. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடிக் கனரக ஊர்தித் தொழிற்சாலையும் 1960களில் எழுந்தவை. அதற்கு முன்னர் இது ஏரிகளின் நாடு. கொரட்டூர், அம்பத்தூர், பருத்திப்பட்டு, செம்பரம்பாக்கம் என்று ஏரிகளின் பெயரை வரிசையாகச் சொன்னாலே வரைபடம் கண்முன் விரியும். 1997இல் திருவள்ளூர் மாவட்டம் பிறந்தது. 2011இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. 2019இல் ஆவடி தானே ஒரு மாநகராட்சி ஆயிற்று. மனிதரின் ஆட்சி எல்லைகள் இவ்வாறு மாறிக்கொண்டே வந்தன. உடும்புக்கும் முயலுக்கும் கீரிக்கும் மயிலுக்கும் அந்த அரசாணைகள் எட்டவில்லை. கரையிலிருந்து புதருக்கும் புதரிலிருந்து நீருக்கும் பழைய தடத்திலேயே அவை நடக்கின்றன. அத்தடத்தின் குறுக்கே சாலை வந்து கிடக்கிறது.

அம்பத்தூர், ஆவடி வழியே திருவள்ளூர் செல்லும் நெடுஞ்சாலை ஒன்று. பூவிருந்தவல்லி வழியே பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலை மற்றொன்று. வண்டலூரில் தொடங்கி நெமிலிச்சேரி வழியே மீஞ்சூர் வரை ஏறத்தாழ 62 கிலோமீட்டர் ஓடும் வெளிவட்டச் சாலை மூன்றாவது. இம்மூன்றும் ஏரிகளுக்கும் வயல்களுக்கும் இடையே கோடு கிழித்துச் செல்கின்றன.

ஒரு நிலையை எண்ணிப் பார்க்கலாம். இரவில் ஒரு மயில் அடிபட்டு விழுகிறது. மோதிய ஊர்தி நிற்கவில்லை. விடியற்காலையில் மிதிவண்டியில் வேலைக்குச் செல்லும் ஒருவர் அதைக் காண்கிறார். உடலில் இன்னும் சூடு ஆறவில்லை. அவர் அதைக் கொன்றவர் அல்லர். கொல்ல நினைத்தவரும் அல்லர். அவர் வீட்டில் கறி வாசம் வந்து பல நாளாயிற்று. எடுத்துச் செல்வது குற்றமா? குற்றம் என்றால், யாருக்கு இழைத்த குற்றம்?

சட்டம் சொல்வது

1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு ஐயத்துக்கு இடமின்றி விடை சொல்கிறது. அதன் 39ஆம் பிரிவின்படி, பாதுகாக்கப்பட்ட காட்டுயிர் வேட்டையாடப்பட்டாலும், இறந்து கிடக்கக் காணப்பட்டாலும், தவறுதலாகக் கொல்லப்பட்டாலும் அது அரசின் உடைமை. ஆகவே சாலையில் கிடக்கும் மயில் ஆளற்ற பொருள் அன்று. விழுந்த கணத்திலேயே அது மாநில அரசுக்குச் சொந்தமாகிவிடுகிறது. அத்தகைய உடலைக் கைக்கொள்ள நேர்ந்தவர் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ உரிய அலுவலருக்கோ அறிவிக்க வேண்டும். கேட்டால் ஒப்படைக்க வேண்டும். எழுத்து வடிவிலான இசைவின்றி அதை வைத்திருப்பதும், பிறருக்குக் கொடுப்பதும், அழிப்பதும் தடுக்கப்பட்டுள்ளன. உண்பது என்பது இம்மூன்றையும் ஒரே நேரத்தில் செய்வதாகும்.

'இறைச்சி' என்ற சொல்லுக்கு அச்சட்டம் தரும் பொருள்விரிவு எந்த நிகண்டுக்கும் குறைந்தது அன்று. குருதி, எலும்பு, நரம்பு, முட்டை, ஓடு, கொழுப்பு, தசை ஆகிய அனைத்தும், பச்சையாயினும் சமைத்ததாயினும், இறைச்சியே. குழம்பில் வெந்துவிட்டதால் குற்றம் கரைந்துவிடாது. 57ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. ஒருவரிடம் அவ்விறைச்சி இருந்தது என்று மெய்ப்பிக்கப்பட்டால், அது முறையற்ற உடைமை என்றே கொள்ளப்படும். முறையானது என்று காட்டும் பொறுப்பு அவர் தலையில் விழும். 'சாலையில் செத்துக் கிடந்தது, எடுத்தேன்' என்பது விடுதலை தரும் சொல்லாகாது. அதுவே உடைமையை ஒப்புக்கொள்ளும் சொல்லாக முடியும்.

மயிலும் உடும்பும் முதல் அட்டவணையில் உள்ளவை. முதல் அட்டவணை உயிரின் இறைச்சி தொடர்பான குற்றத்துக்கு 3 ஆண்டுக்குக் குறையாமல் 7 ஆண்டு வரை சிறை உண்டு. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் தண்டத்தொகையும் 25,000 ரூபாய்க்குக் குறையாது. அதே சட்டத்தில் மயிலின் தோகை இறகுக்கு மட்டும் சில விலக்குகள் உண்டு. மயில் தானே உதிர்த்த இறகைப் பூசையறையில் வைக்கலாம். மயிலை அடுக்களைக்குக் கொண்டுபோக இயலாது. 1963 முதல் தேசியப் பறவையாக விளங்கும் அவ்வுயிரைச் சட்டம் இப்படித்தான் காக்கிறது.

முன்னோர் நூல்களில் இவ்வழக்கு

வழியில் கிடைத்த ஊனை உண்ணுதல் தமிழர்க்குப் புதிய செய்தி அன்று. அகநானூற்றின் 169ஆம் பாட்டில், புலி கொன்று தின்று எஞ்சவிட்ட யானையின் ஊனை மறவர் கோலிற் கோத்து எடுக்கின்றனர். அவர்கள் விட்டுச் சென்ற மிச்சத்தை, உப்பு வணிகராகிய உமணர் தீக்கடைந்து, சுனைநீரில் ஆக்கும் சோற்று உலையில் கூட்டுகின்றனர். தாம் கொல்லாத ஊனை வழிப்போக்கர் உண்ணும் காட்சி அது. அப்பாட்டில் பழிப்பும் இல்லை, புகழ்ச்சியும் இல்லை. பாலை நிலத்தின் வறட்சி மட்டுமே உண்டு. தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில், எயினர் குடியில் பாணர்க்குக் கிடைக்கும் விருந்து நாய் பிடித்துத் தந்த உடும்பு. காஞ்சியை ஆண்ட அவ்வேந்தனின் நாடே இத்தொண்டை நாடு. அன்று விருந்தாக இருந்த உடும்பு இன்று முதல் அட்டவணையில் இருக்கிறது என்பது இந்நிலத்தின் வரலாறு.

அரசு இதில் தலையிடுவதும் புதிதன்று. கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் அபயம் அளிக்கப்பட்ட விலங்குகளைக் கொல்வோர்க்குத் தண்டம் விதிக்கிறது. தானே இறந்த விலங்கின் இறைச்சியை விற்பதையும் தடுத்து, மீறுவோர்க்கு 12 பணம் தண்டம் சொல்கிறது. பௌத்த விநயத்தில் இதைவிடக் கூர்மையான செய்தி உண்டு. பஞ்ச காலத்தில் மக்கள் யானை, குதிரை இறைச்சியை உண்டு பிக்குகளுக்கும் இட்டனர். அவை அரசனின் உறுப்புகள், அரசன் அறிந்தால் பொறுக்கமாட்டான் என்ற பேச்சு எழுந்தது. அதன்மேல் அவ்விறைச்சி பிக்குகளுக்கு விலக்கப்பட்டது. செத்த விலங்கும் அரசுக்கு உரியது என்னும் 39ஆம் பிரிவின் எண்ணத்துக்கு மிகப் பழைய உறவினர் இவ்விதி.

ஆயினும் உடைமை வேறு, அறம் வேறு. அறத்தின் பக்கத்தில் பௌத்தரும் சமணரும் நெடுங்காலம் வழக்காடினர். தனக்காகக் கொல்லப்பட்டதைக் காணாமலும், கேளாமலும், ஐயுறாமலும் இருந்தால் பிக்கு அவ்வூனை ஏற்கலாம் என்பது பௌத்த விநயத்தின் நிலை. இவ்வளவுகோலால் பார்த்தால் சாலையில் இறந்த விலங்கின் ஊனில் கொலைக்குற்றம் உண்பவனைச் சாராது. தமிழில் நீலகேசி பௌத்தரின் புலால் கொள்கையை எதிர்த்து வாதிடுகிறது. சமண ஆசிரியர் அமிர்தசந்திரர் 'புருஷார்த்த சித்தியுபாயம்' என்னும் நூலில் இன்றைய வினாவையே நேராக எடுத்துக்கொள்கிறார். தானே இறந்த எருமை, காளை ஆகியவற்றின் ஊனிலும் நுண்ணுயிர்கள் பிறந்துகொண்டே இருக்கின்றன. அவற்றை நசுக்குவதால் அங்கும் கொலை உண்டு என்பது அவர் முடிபு. அடிபட்டும் விழுந்தும் இறந்த விலங்கின் ஊனை இசுலாமியத் திருமறையும் விலக்குகிறது. நெறிகள் பலவாயினும், செத்துக் கிடந்தது என்ற ஒன்றே உண்ணத் தக்கதாக்கிவிடும் என்பதைப் பெரும்பாலானவை ஏற்கவில்லை.

வள்ளுவர் 'புலால் மறுத்தல்' அதிகாரத்தில் காட்டும் கருத்து ஒன்று இங்கே மிகவும் பயன்படும். உண்பதற்காக என்று உலகம் கேட்பதை விட்டால், விலைக்காகக் கொல்வாரும் இல்லாமற் போவர் என்பது அது. கொன்றவன் ஒருவன், தின்றவன் வேறொருவன் என்ற பிரிவினையை அக்கருத்து ஏற்க மறுக்கிறது. இருவரையும் இணைக்கும் கயிறு சந்தை. சாலையில் கிடந்ததைப் பற்றிய வழக்கும் அந்தக் கயிற்றைப் பற்றியதே.

ஏழைக்கு மட்டும் ஏன் தண்டனை?

இங்கே ஒரு மறுப்பு எழுகிறது. அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. மோதியவர் போய்விட்டார். அவரிடம் வேட்டை எண்ணம் இல்லாமையால் வேட்டைக் குற்றமும் அவர்மேல் எளிதில் நிற்காது. விலங்கின் தடத்தின் குறுக்கே சாலை போட்டவர் மேல் வழக்கே இல்லை. விரைவும் வழியும் கொன்ற உயிருக்கு, அதை எடுத்த ஏழையின் கையில் விலங்கு பூட்டுவது நீதியா? நல்ல இறைச்சியைப் புதைத்தோ எரித்தோ வீணாக்குவதைவிட ஒரு குடும்பம் உண்டால் என்ன குறை?

இம்மறுப்பைச் சொல்ல மிகுதியும் உரிமையுடையவர் இருளர். திருவள்ளூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களில் அரிசி ஆலைகளிலும் செங்கற் சூளைகளிலும் உழைத்து வாழும் அம்மக்களுக்கு எலியும் முயலும் உடும்பும் வழிவழி வந்த உணவு. பாம்பு பிடித்துத் தோல் விற்பது அவர்களின் பிழைப்பாக இருந்தது. 1972ஆம் ஆண்டுச் சட்டமும் அதைத் தொடர்ந்து 1976இல் வந்த பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும் அப்பிழைப்பை நிறுத்தின. சட்டத்தால் காடு காக்கப்பட்டது. காட்டை அறிந்தவர் பட்டினி கிடந்தனர்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பாம்பைக் கொல்லாமல் பிடித்து, நஞ்சை எடுத்து, மீண்டும் விடுகின்ற முறை வந்தது. அந்நஞ்சிலிருந்து ஆக்கப்படும் முறிமருந்து நாடெங்கும் பாம்புக்கடிக்கு உயிர் காக்கிறது. 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இருளர் இருவர்க்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. பாதுகாப்பையும் பிழைப்பையும் ஒன்றாகக் கட்ட முடியும் என்பதற்கு இத்தொண்டை நாடே சான்று. அதற்குச் சட்டத்தைத் தளர்த்த வேண்டியிருக்கவில்லை. அறிவுடையோர்க்குச் சட்டத்துக்குள் ஓர் இடம் கொடுத்தால் போதுமாயிருந்தது.

பிற நாட்டு வழக்கு

அமெரிக்காவில் இதற்கு வேறு விடை உண்டு என்பார் உளர். உண்மையே. வாஷிங்டன் மாநிலத்தில் 2016 முதலும், ஓரிகன் மாநிலத்தில் 2019 முதலும், ஊர்தி மோதி இறந்த மானை இசைவு பெற்று எடுத்து உண்ணலாம். ஓரிகனில் கொம்பையும் தலையையும் அரசிடம் ஒப்படைக்க வேண்டும். அலாஸ்காவில் சாலையில் இறந்த பெருமானின் இறைச்சி அறக்கொடை அமைப்புகளுக்கும் தேவையுள்ள குடும்பங்களுக்கும் போய்ச் சேர்கிறது.

இந்த எடுத்துக்காட்டை இங்கே கொண்டுவருமுன் ஒரு வேறுபாட்டைக் கருத வேண்டும். அங்கே எடுக்க விடப்படும் மான், உரிமம் பெற்று வேட்டையாடவும் விடப்படும் மான். அதன் இறைச்சிக்கு ஏற்கெனவே நேர்மையான வழி உண்டு. கொம்பைத் திரும்பக் கேட்பதும் கொம்புக்காக மோதுவோர் இருப்பார் என்ற ஐயத்தாலேயே. அதே நாடு பாதுகாக்கப்பட்ட கழுகின் ஓர் இறகைக்கூட வழிப்போக்கர் எடுக்க விடுவதில்லை. இறந்த கழுகுகள் கொலராடோ மாநிலத்தில் உள்ள தேசியக் கழுகுக் களஞ்சியத்துக்கு அனுப்பப்படுகின்றன. அங்கிருந்து பழங்குடி மக்களின் சமயச் சடங்குகளுக்கு மட்டும் இறகும் உடலும் வழங்கப்படுகின்றன. காக்கப்பட்ட உயிர் சந்தைக்குப் போகாது. உரிமையுள்ளவர்க்கு அரசின் கைவழியே போகும். மான் முறையைவிட இக்கழுகு முறையே இந்நாட்டு வழக்குக்கு நெருங்கியது.

தீர்ப்பு

மூன்று காரணங்களால் சாலையில் இறந்த காட்டுயிரை உண்ணாமையே தக்கது.

முதலாவது, விபத்தையும் வேட்டையையும் இறைச்சியைப் பார்த்துப் பிரிக்க முடியாது. சட்டியில் வெந்த கறி தன் மரணக் கதையைச் சொல்லாது. 'அடிபட்டுக் கிடந்தது' என்பது ஏற்கத்தக்க விடையாகிவிட்டால், மறுநாள் முதல் எல்லாச் சட்டியிலும் இருப்பது அடிபட்டுக் கிடந்ததாகவே இருக்கும். முன்விளக்கின் ஒளியில் திகைத்து நிற்கும் முயலைக் கண்டால் கால் தடையை அழுத்துவதா, விசையை அழுத்துவதா என்ற ஒரு நொடித் தீர்மானத்தில் பசியும் வந்து உட்காரும். வள்ளுவர் காட்டிய கயிறு இதுவே.

இரண்டாவது, உடல் நலம். எதனால் இறந்தது என்று பார்த்த அளவில் சொல்ல முடியாது. பூச்சிமருந்து தெளித்த தானியத்தைத் தின்று தள்ளாடிய மயிலையே ஊர்தி மோதியிருக்கலாம். நோயுற்ற விலங்கு விரைந்து விலக மாட்டாமையால் அடிபட்டிருக்கலாம். மோதலில் குடல் கிழிந்தால் அதன் அழுக்கு தசை முழுதும் பரவும். சென்னை வெயிலில் சிதைவு தொடங்க நெடுநேரம் ஆகாது.

மூன்றாவது, அவ்வுடலுக்கு மனிதர் அல்லாத உரிமையாளரும் உளர். நரிக்கும் பருந்துக்கும் எறும்புக்கும் அது உணவு. மாட்டுக்கு ஊசியிட்ட டைக்ளோபினாக் மருந்து, செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தை அழித்தது. 2006இல் அம்மருந்தின் கால்நடைப் பயன்பாடு தடுக்கப்படுமுன் அப்பறவைகளில் பெரும்பகுதி மறைந்துபோயின. தமிழகத்தில் அவற்றுக்கு மாயாற்றுப் பள்ளத்தாக்கே இன்று முதன்மைப் புகலிடம். செத்த உடலைக் கழிவு என்று மட்டும் எண்ணியதன் விலை அது. ஆனால் சாலை நடுவிலேயே உடல் கிடந்தால், அதை உண்ண வரும் நரியும் அடிபடும். ஆகையால் அதை அகற்றுவதும் கடமையே.

உண்ணாமையோடு அறம் முடிந்துவிடுவதில்லை. எடுத்தவரைப் பிடிப்பதில் காட்டும் விரைவை, மோதாமல் தடுப்பதில் காட்ட வேண்டும். பந்திப்பூர்க் காட்டுவழியில் 2009 முதல் இரவுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. சத்தியமங்கலம் காட்டில் பண்ணாரி, திம்பம் வழியே செல்லும் நெடுஞ்சாலையிலும் சென்னை உயர்நீதிமன்ற ஆணையால் 2022 பிப்ரவரியில் இரவுக் கட்டுப்பாடு வந்தது. காட்டுக்குக் கிடைத்த இந்நீதி ஏரிக்கரைக்கு இன்னும் முழுதாகக் கிடைக்கவில்லை. இங்கே இரவுத் தடை இயலாது. ஏரிக்கரையை ஒட்டிய இடங்களில் விரைவைக் குறைக்கலாம். நீரோடைப் பாலங்களின் அடியில் விலங்குகள் கடக்க உலர்ந்த தடம் விடலாம். கோழிக் கழிவைச் சாலையோரம் கொட்டி நரியையும் கீரியையும் அழைக்காமல் இருக்கலாம். இவற்றுள் எதற்கும் புதிய சட்டம் வேண்டியதில்லை.

அந்த விடியற்காலை மனிதர்க்கும் ஒரு நீதி வேண்டும். உடலைக் கண்டு காவல் நிலையத்துக்குச் சொல்ல வருபவர் ஐயத்துக்கு உரியவராக நடத்தப்பட்டால், அடுத்த முறை யாரும் சொல்ல வரமாட்டார். சட்டம் 48 மணி நேரம் தந்திருப்பது ஏழையும் நம்பி வருவதற்காக. அந்நம்பிக்கையைக் காப்பது அலுவலரின் கடன். சொல்ல அஞ்சுபவரோடு துணையாகக் காவல் நிலையம் வரை நடப்பது, எழுத்தறிந்த இவ்வட்டத்தார் செய்யக்கூடிய எளிய தொண்டு.

பாவலர்க்கு உரியதாக ஒன்று எஞ்சுகிறது. சங்கப் புலவர் தம் நிலத்து உயிர்களைப் பெயர் சொல்லி அறிந்திருந்தனர். உமணர் உலையில் கூட்டிய ஊன் எவ்வுயிரின் ஊன், எது கொன்ற ஊன் என்பதையும் சொல்லி வைத்தனர். இன்றைய சாலையில் இறப்பவை பெயரின்றி இறக்கின்றன. சக்கரங்கள் ஏறி ஏறித் தாரோடு ஒட்டியபின் அது உடும்பா, கீரியா என்றுகூட யாரும் கேட்பதில்லை. பூவிருந்தவல்லிச் சாலையிலும் ஆவடிச் சாலையிலும் எந்த நாளில், எந்த இடத்தில், எந்த உயிர் விழுந்தது என்று இவ்வட்டத்தார் ஒரு குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினால், அடுத்த பத்தாண்டு மலர் வெளிவரும்போது அக்குறிப்பேடு கவிதையாகவும் நிற்கும். வேகத்தடை எங்கே வேண்டும் என்று அரசுக்குக் காட்டும் சான்றாகவும் நிற்கும்.

சாலையில் சாய்ந்த மயில் சட்டப்படி அரசுக்குச் சொந்தம். அது சாயாமல் கடந்து செல்லும் வழி ஊராருக்குச் சொந்தம். அதைக் காப்பதும் அவர்கள் பொறுப்பு.